நடுவழியில் ஏறுகிறவர்களின் பெட்டியும் பாட்டிலும்

நான்கு உருப்படியோடு குற்றாலத்துக்கு வருகிற குடும்பம் திரும்பும்போது எட்டு, ஒன்பது உருப்படியோடு போகும். மூன்று நாள் அருவியில் நனைந்த துணி ஒரு பை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஒரு அட்டைப்பெட்டி. நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கட்டைப்பை. ஐந்தருவியில் பிடித்த தண்ணீர் ஒரு கேன். ஊரில் இருக்கிற அத்தைக்கென்று வாங்கிய மலைத்தேன் தனியாக ஒருவர் மடியில். அத்தனையையும் ஏற்றுவதற்குத் தென்காசி ஜங்ஷனில் வண்டி நிற்பது இரண்டு, மூன்று நிமிடம்தான்.

புறப்படும் நிலையத்தில் ஏறுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. காலியான பெட்டியில் ஏறி, சீட்டுக்கு அடியில் சாமானைத் தள்ளிவிட்டு, இறங்கிப் போய் டீ குடித்துவிட்டுக்கூட வரலாம். நடுவழியில் ஏறுகிறவர் அடுத்தவர் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைகிற மாதிரி நுழைகிறார். அடியில் இடம் போயிருக்கும், நடைபாதையில் செருப்பு கிடக்கும், லோயர் பெர்த்தில் யாராவது கால் நீட்டியிருப்பார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

எங்கே ஏறுவது

சாமான் அதிகம் என்று தெரிந்தால் தென்காசியில் ஏறாதீர்கள், செங்கோட்டைக்குப் போய்விடுங்கள். சென்னைக்குப் போகும் பொதிகையும் சிலம்பும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ரயில் பாதையில் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் 8 கிலோமீட்டர். குற்றாலத்தில் அறை எடுத்திருப்பவருக்கு ஆட்டோவில் இந்த நிலையமும் அந்த நிலையமும் பெரிய வித்தியாசம் இல்லாத தூரம். அரை மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தால் பாட்டி, தாத்தாவை நிதானமாகக் கைபிடித்து ஏற்றலாம். பெட்டிகளை அடுக்கிவிட்டு எண்ணிப் பார்க்கவும் நேரம் இருக்கும்.

இதற்கு டிக்கெட் எடுக்கும்போதே புறப்படும் இடம் செங்கோட்டை என்று போட்டிருக்க வேண்டும். தென்காசியிலிருந்து எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு செங்கோட்டையில் ஏறுவது முறையல்ல. செங்கோட்டையிலிருந்து எடுத்துவிட்டுத் தென்காசியில் ஏற நினைப்பவர்கள் ஏறும் இடத்தை முந்தின நாளே மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால், செங்கோட்டையில் நீங்கள் வரவில்லை என்று உங்கள் பெர்த்தை டி.டி.இ. வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். மாற்றிவிட்டால் பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும். அதனால் வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுத்துவிட்டு மாற்றுங்கள்.

கொல்லத்திலிருந்து சென்னை போகும் வண்டிக்கும் குருவாயூரிலிருந்து மதுரை போகும் வண்டிக்கும் இந்த வழி இல்லை. கேரளத்திலேயே ஆள் ஏறி மலை இறங்கி வரும் வண்டிகள் அவை. செங்கோட்டையிலும் நீங்கள் நடுவழிப் பயணிதான். பாலக்காடு போகும் பாலருவியும் அப்படியே, தூத்துக்குடி, திருநெல்வேலி ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் தென்காசிக்கு வரும். இந்த வண்டிகளில் போகிறவர்கள் சாமானைத்தான் குறைக்க வேண்டும்.

பெட்டியின் கனமும் உயரமும்

ரயிலில் சாமானுக்கு அளவு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். இரண்டடுக்கு ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70, இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியில் 35. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதில் பாதி. கூடுதல் சாமானைப் பணம் கட்டி எடுத்துப் போகலாம், ஸ்லீப்பரில் மொத்தம் 80 கிலோ வரை. மூன்றடுக்கு ஏசியில் பணம் கட்டினாலும் பெட்டிக்குள் 40 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். ஏசியில் போகிறோமே, நிறைய எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் பதிவு செய்தால் கூடுதல் எடைக்கு ஒன்றரை மடங்கு கட்டணம், பதியாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு.

கனத்தைவிட உயரம்தான் நடுவழியில் ஏறுகிறவரைப் படுத்தும். பயணி கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு நீளம் 100 செ.மீ., அகலம் 60 செ.மீ., தடிமன் 25 செ.மீ. மூன்றடுக்கு ஏசிக்கு அதைவிடச் சிறிது: 55, 45, 22.5. கடையில் ‘28 இன்ச்’ என்று விற்கும் பெரிய சக்கரப் பெட்டியை வாங்கி, படுக்க வைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 30 செ.மீ.யை ஒட்டி வரும். ஐந்து செ.மீ. அதிகம் என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தப் பெட்டி லோயர் பெர்த்துக்கு அடியில் நுழையாது. நுழையாத பெட்டி நடைபாதையில் நிற்கும், ராத்திரி கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லோருடைய முழங்காலிலும் இடிக்கும்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி ரயிலிலோ காரிலோ ஆரியங்காவு வழியாக ஊர் வந்து சேர்வார்கள். விமானத்துக்கென்று கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டி ஒவ்வொன்றும் இருபது, முப்பது கிலோ இருக்கும். விமானத்தில் அதைத் தூக்கி வைக்க ஆள் இருந்தது, ரயிலில் நீங்கள்தான் தூக்க வேண்டும். திருவனந்தபுரத்திலோ கொல்லத்திலோ வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பெட்டியைப் பிரித்து இரண்டு பைகளாக ஆக்கிக்கொள்ளுங்கள். கத்தியும் ஒட்டும் டேப்பும் வீட்டிலிருந்து அழைக்க வருகிறவர் கொண்டுவரட்டும்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். பெட்டியை ஒரு கையால் பிடித்து, வீட்டு மாடிப்படியில் நாலு படி நிற்காமல் ஏறிப் பார்ப்பேன். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்து வேறு பையில் போட்டுவிடுவேன். ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சின்னப் பைகள் எப்போதும் மேல். அடியில் இடம் இல்லாவிட்டால் ஒன்றை மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றைக் காலடியில் செருகலாம்.

ஏற்றுவது

சென்ற ஆண்டு சீசனில் தென்காசி பிளாட்பாரத்தில் பார்த்தேன். எஸ்.7-க்குப் போக வேண்டிய குடும்பம் எஸ்.3 நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வண்டி வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். முன்னால் ஓடியவர் பெரிய சக்கரப் பெட்டியைக் குறுக்குவாக்கில் வாசலில் தூக்கி வைத்தார், அது கதவில் செருகிக்கொண்டது. பின்னால் ஒரு ஆச்சி, கையில் தூக்குவாளி.

“ஏல, நேரா திருப்புல! நிமித்துல!” என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள இழுங்க, ஆச்சி ஏறணும்!”

பெட்டி உள்ளே போனது. ஆச்சியின் ஒரு கால் படியில் இருக்கும்போது வண்டி அசைந்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். தூக்குவாளி மட்டும் பிளாட்பாரத்தில் விழுந்து உருண்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆட்கள் முதலில், சாமான் பிறகு என்பதை மாற்றாதீர்கள். பலம் உள்ள ஒருவர் முதலில் ஏறி உள்ளே நிற்க வேண்டும். அடுத்து வயதானவர்களும் பிள்ளைகளும். பிறகு கீழே நிற்பவர் பைகளை ஒவ்வொன்றாக நீட்ட, உள்ளே இருப்பவர் வாங்கிக் கழிப்பறை ஓரமாக அடுக்குவார். கடைசியாகக் கீழே நிற்பவர் ஏறுவார். பெர்த்தைத் தேடுவது வண்டி கிளம்பிய பிறகு செய்கிற வேலை. கீழே ஏதாவது ஒரு பை நின்றுவிட்டால் நிற்கட்டும். அதற்காக ஓடும் வண்டியிலிருந்து யாரும் குதிக்க வேண்டாம். 139-க்கு போன் செய்து, நிலையத்தின் பெயர், பிளாட்பாரம், பையின் நிறம் சொல்லுங்கள்.

எந்தக் கோச் எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்துப் பலகையில் பார்த்து, வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அங்கே போய் நின்றுவிடுங்கள். பலகை எரியாவிட்டால் டீக்கடைக்காரரையோ போர்ட்டரையோ கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள். பிரேக் வேனில் தனியாகப் பதிவு செய்து போட வேண்டிய பெரிய சாமான் இருந்தால், சில நிமிடமே நிற்கும் நிலையத்தில் ஏற்ற முடியுமா என்பதை அன்றைக்குக் காலையிலேயே பார்சல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி நேரத்துக்கு அரை மணிக்கு முன்பாவது சாமான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஈரத் துணி

குற்றாலத்திலிருந்து போகிறவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுகிற சாமான் இதுதான். நனைந்த துண்டு காய்ந்த துண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். ஐந்து பேர் துணியைப் பிளாஸ்டிக் கவரில் திணித்து முடிச்சுப் போட்டால், ஊர் போய்ப் பிரிக்கும்போது வீடே நாறும். முடிச்சு அவிழ்ந்து தண்ணீர் வடிந்தால் கீழ் பெர்த்துக்காரர் நனைவார்.

புறப்படும் நாள் காலையில் அருவிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாரல் அடிக்கும்போது பேரருவியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க யாரால் முடியும்? ஆனால் கடைசிக் குளியலுக்கு ஒரே ஒரு மெல்லிய துணி போதும். தேங்காய்ப்பூத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டைக் கொண்டுபோங்கள். குளித்து வந்ததும் ஈரத் துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய்போல் சுருட்டி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். அதற்கே பாதி ஈரம் போய்விடும். பிறகு அறையில் ஃபேனுக்குக் கீழே போட்டால் மதியத்துக்குள் கையில் ஒட்டாத பதத்துக்கு வரும். அதைத் துணிப்பையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.

குடிக்கிற பொருட்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் கேன் ஒன்று உங்கள் ஸ்லீப்பர் இலவச அளவில் பாதியைத் தின்றுவிடும். கூட்டமாக வருகிறவர்கள் கேன் கேனாக ஏற்றுவதைப் பார்க்கிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் ராத்திரிக்குப் போதும், வழியில் ராஜபாளையம், விருதுநகர், மதுரை எல்லாம் வருகின்றன. அருவித் தண்ணீரை மூலிகைத் தண்ணீர் என்று பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே ஆயிரம் பேர் குளித்து வருகிற தண்ணீர் அது. பக்தியோடு ஒரு சின்னப் பாட்டில் எடுத்துப்போய் வீட்டில் தெளியுங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள்.

பதநீர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு சித்திரை மாதம், சொந்தக்காரர் வீட்டில் காலையில் இறக்கிய பதநீரை இரண்டு லிட்டர் கலர் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கித் தந்தார்கள். சென்னையில் இருக்கும் தம்பிக்காக. சாயங்காலம் வண்டியேறும்போதே பாட்டில் கல்போல விறைத்திருந்தது. எனக்கு உறைக்கவில்லை. சங்கரன்கோவில் தாண்டியதும் மேல் பெர்த்திலிருந்து படாரென்று ஒரு சத்தம். மூடி பறந்து, பாதிப் பதநீர் கீழே படுத்திருந்த பெரியவர் போர்வைமேல். புளித்த வாடை கோச் முழுக்க. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, எழுந்து உட்கார்ந்துகொண்டார். என் போர்வையைக் கொடுத்தேன். அந்த ராத்திரி எனக்கு மறக்காது.

காரணம் எளிது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் பனைச்சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. வெயிலில் சில மணி நேரம் போனால் சுண்ணாம்பின் பிடி தளர்ந்து நொதிக்கத் தொடங்கும், வாயு உண்டாகும். அடைத்த பாட்டிலில் அதற்குப் போக வழி இல்லை. அதனால் பதநீரை மரத்தடியிலேயே, ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிடுங்கள். எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் பனங்கற்கண்டாகவோ கருப்பட்டியாகவோ எடுத்துப் போங்கள், எத்தனை நாள் ஆனாலும் வெடிக்காது. தாகத்துக்கு நன்னாரி சர்பத் பாகு ஒரு பாட்டில் போதும், கலந்து குடித்துக்கொள்ளலாம். சாரல் நாளில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபியைவிட நல்ல துணை இல்லை.

கார்த்திகை, மார்கழியில் இந்தத் தடத்தில் ஐயப்பசாமிகள் கூட்டம். இருமுடியைத் தலைமாட்டில் வைக்க இடம் கேட்டால் மேல் பெர்த்துக்காரர் மறுக்க மாட்டார். திரும்பி வரும்போது அரவணை டின்னும் அபிஷேக நெய்யும் கையில் இருக்கும். டின் பிரச்சினை இல்லை. நெய்யைத் திருகு மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, துணி சுற்றி, நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள்.

இனி மது. ரயிலில் குடித்துவிட்டு மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தத் தடத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது, தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆரியங்காவுப் பக்கம் வாங்கியதைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். புளியரைச் சோதனைச் சாவடியில் காரை நிறுத்திப் பார்ப்பதுபோல ரயிலிலும் பார்க்கிறார்கள். அதோடு கள்ளும் பதநீரைப் போலவே பாட்டிலை வெடிக்க வைக்கும். வேறு பாட்டில்களும் மாநில எல்லை தாண்டும்போது அனுமதி இல்லாமல் போகக்கூடாது. குடும்பத்தோடு போகும் பயணத்தில் அந்தப் பை வேண்டாம்.

டீ போட அடுப்பும் சிலிண்டரும் கொண்டுபோகிறவர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். உள்ளே எடுத்து வந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம். காலியான சிலிண்டரும் கூடாது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கூடாது.

மலைப்பாதையில்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 49 கிலோமீட்டர். 1904-ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை, 2010-ல் மூடி 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. ஏற்றத்துக்காக வண்டிக்குப் பின்னாலும் எஞ்சின் பூட்டுவார்கள். இந்தத் தடத்தில் சக்கரப் பெட்டியை நிறுத்தி வைக்காதீர்கள், உருண்டு ஓடும். படுக்க வைத்து, கைப்பிடியை உள்பக்கம் திருப்பிவிடுங்கள். கழுத்துருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும்போது கோச்சில் பாதிப் பேர் கதவுக்கு ஓடிப் படம் பிடிப்பார்கள். வாசலில் உங்கள் அட்டைப்பெட்டி கிடந்தால் யாராவது தடுக்கி விழக்கூடும், அதுவும் திறந்த கதவுப் பக்கம். இடம் கிடைக்காத சாமானை வாசலிலிருந்து நகர்த்தி, உங்கள் சீட்டின் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கால் மடக்கி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மலை கடந்துவிடும்.

பாலருவியில் எர்ணாகுளம் போய், கொச்சி வில்லிங்டன் தீவில் சுற்றுலாக் கப்பல் ஏறுகிறவர்கள் இப்போது நம் பக்கமும் இருக்கிறார்கள். மும்பையில் புறப்பட்ட கப்பலில் கொச்சியில் ஏறினால் அங்கேயும் நீங்கள் நடுவழிப் பயணிதான். கப்பலில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு, அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், மாற்றுத் துணி ஒன்று, இவை கைப்பையில் இருக்கட்டும். பானங்களில் கப்பல்காரர்கள் ரயிலைவிடக் கண்டிப்பு. வெளியிலிருந்து கொண்டுவரும் மதுப் பாட்டிலை ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, பல கப்பல்களில் கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி வாங்கி வந்தாலும் இதே கதைதான். தண்ணீர் பாட்டில்கூட எத்தனை விடுவார்கள் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். டிக்கெட்டோடு வரும் விதிகளை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். நம்மூர் முறுக்கும் சிப்ஸும் அடைத்த பாக்கெட்டில் இருந்தால்தான் பேச்சுக்கே இடம்.

இறங்கும்போது

இறங்கும் இடம் மதுரையோ விருதுநகரோ என்றால் ராத்திரியாகிவிடும். இரண்டு அலாரம் வையுங்கள், இரண்டு போனில். முந்தின நிலையம் தாண்டியதும் பைகளை எடுத்து நடைபாதையில் வரிசையாக வைத்து, பழப்பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் சேர்த்து எண்ணுங்கள். ஏறியபோது எண்ணிய கணக்கைக் கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தால் தூக்கக் கலக்கத்தில் தப்பாது. மீதித் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனை நசுக்கிக்கொண்டு இறங்கினால், கை ஒன்று மிச்சம்.